பர்னபாசை மன்னிக்கலாமா?

நள்ளிரவு. ஒரு பழைய கல்லறை. கையில் விளக்குடன் ஒரு திருடன் உள்ளே புகுந்தான்.

அவன் தேடி வந்தது நகை. "பணக்காரக் குடும்பம். பிணத்தோடு நகையையும் சேர்த்துப் புதைத்து இருப்பார்கள்" என்று அவனுக்கு ஓர் எண்ணம். உள்ளே ஒரு ரகசிய அறை இருந்தது. அதில் ஒரு சவப்பெட்டி. பெட்டியைச் சுற்றி இரும்புச் சங்கிலி!

"இத்தனை பத்திரமாகப் பூட்டி இருக்கிறார்களே, உள்ளே எவ்வளவு நகை இருக்குமோ!" என்று நினைத்தான். சங்கிலியை உடைத்தான். மூடியைத் தூக்கினான்.

உள்ளே இருந்து ஒரு கை வந்தது. அவன் கழுத்தைப் பிடித்தது!

அமெரிக்க டெலிவிஷனில் 1967-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் இந்தக் காட்சி வந்தது. நாடகத்தின் பெயர் "டார்க் ஷேடோஸ்". "இருண்ட நிழல்கள்" என்று தமிழில் சொல்லலாம். பெட்டிக்குள் இருந்தவன் பெயர் பர்னபாஸ் காலின்ஸ். அவன் ஒரு ரத்தக் காட்டேரி!

பகல் எல்லாம் பிணம் போலப் படுத்துக் கிடப்பான். இருட்டியதும் எழுந்து வருவான். மனித ரத்தம்தான் அவனுக்கு ஆகாரம்.

நாடகம் முடிந்து அரை நூற்றாண்டு ஆகி விட்டது. ஆனால் ரசிகர்களின் சண்டை முடியவில்லை. "பர்னபாஸ் நல்லவன்" என்கிறார்கள் சிலர். "கொலைகாரன்" என்கிறார்கள் சிலர். அவனை மன்னிக்கலாமா, கூடாதா? இதுதான் வழக்கு.

கடுதாசி செய்த வேலை

நாடகம் தொடங்கியது 1966-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி. தயாரித்தவர் டான் கர்ட்டிஸ் என்பவர். திங்கள் முதல் வெள்ளி வரை, தினமும் பிற்பகலில் அரை மணி நேரம்.

கதாநாயகி விக்டோரியா வின்டர்ஸ். அநாதை இல்லத்தில் வளர்ந்தவள். அம்மா யார், அப்பா யார் என்று தெரியாது. மெயின் மாநிலத்தின் கடற்கரையில் ஒரு பெரிய மாளிகை. அங்கே ஒரு சிறுவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க ரெயில் ஏறி வருகிறாள். அந்த வீட்டுக்கும் தன் பிறப்புக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்று அவளுக்குச் சந்தேகம்.

நல்ல கதைதான். ஆனால் பார்ப்பதற்கு ஆள் இல்லை! நாடகம் நின்று விடும் போல இருந்தது. பேயைக் கொண்டு வந்தார்கள். கொஞ்சம் கூட்டம் வந்தது. "இன்னும் பயங்கரமாக ஏதாவது வேண்டும்" என்று ரத்தக் காட்டேரியைக் கொண்டு வந்தார்கள்.

சில வாரம் பயம் காட்டி விட்டு, நெஞ்சில் மர ஆப்பு அடித்துக் காட்டேரியைக் கொன்று விடுவது என்பதுதான் திட்டம்.

நடந்தது வேறு. ஆயிரக் கணக்கில் கடிதம் வந்தது. "காட்டேரியைக் கொல்லாதே!" என்று வீட்டுப் பெண்கள் எழுதினார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் டெலிவிஷனுக்கு முன்னால் ஓடி வந்து உட்கார்ந்த பிள்ளைகள் எழுதினார்கள்.

அந்த வேடத்தில் நடித்தவர் ஜோனதன் பிரிட். கனடா நாட்டுக்காரர். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்துப் பழகியவர். அப்போது அவருக்கு வயது 42. சினிமாக் கதாநாயகன் மாதிரி அழகு என்று சொல்ல முடியாது. கண்ணில் ஒரு சோகம் இருந்தது. குரலில் ஒரு தவிப்பு இருந்தது.

(ஒரு ரகசியம்: நாடகத்தை ஒரே மூச்சில் படம் பிடித்தார்கள். பிழை வந்தாலும் திரும்ப எடுப்பது அபூர்வம். பிரிட்டுக்கு வசனம் மறந்து விடும். அவர் திருதிரு என்று விழிப்பார். "ஐயோ, காட்டேரி எவ்வளவு வேதனைப்படுகிறான்!" என்று பார்த்தவர்கள் உருகினார்கள்!)

ரசிகர்கள் கேட்டார்கள் என்பதற்காகக் கதை திரும்பியது. கெட்டவனாக வந்தவனை நல்லவன் ஆக்க வேண்டிய வேலை எழுத்தாளர்களுக்கு வந்து சேர்ந்தது.

சூனியக்காரியின் சாபம்

அதற்காக அவர்கள் பர்னபாசின் பழைய கதையைச் சொன்னார்கள். 1967-ம் ஆண்டு நவம்பர் மாதம், நாடகம் அப்படியே 1795-ம் ஆண்டுக்குப் போய் விட்டது.

அப்போது பர்னபாஸ் காட்டேரி அல்ல. பணக்கார வீட்டுப் பிள்ளை. ஜோசட் என்ற பெண்ணுக்கும் அவனுக்கும் கல்யாணம் நிச்சயம் ஆகி இருந்தது. அவள் வீட்டாருடன் ஏஞ்சலிக் என்ற வேலைக்காரியும் வந்தாள். அதற்கு முன்பே பர்னபாஸ் அவளோடு பழகி இருந்தான். ஆசை காட்டி விட்டு, "அது முடிந்து போன கதை" என்று ஒதுக்கினான்.

அவள் சாதாரண வேலைக்காரியா? சூனியக்காரி ஆயிற்றே!

மணப்பெண்ணின் மனதை மந்திரத்தால் மாற்றினாள். ஜோசட், பர்னபாசின் சித்தப்பாவைக் காதலிக்கும்படி செய்தாள். பர்னபாஸ் ஆத்திரத்தில் சித்தப்பாவைச் சுட்டுக் கொன்றான். பிறகு அவனுடைய சின்னத் தங்கை சாராவை நோயில் தள்ளி, "என்னைக் கட்டிக் கொண்டால் பிழைக்க வைக்கிறேன்" என்று சொல்லிக் கல்யாணமும் செய்து கொண்டாள். அவள் சூனியக்காரி என்பது தெரிந்ததும் பர்னபாஸ் அவளைச் சுட்டான். விழுந்தவள் சாபம் கொடுத்தாள். ஒரு வவ்வால் வந்து கடித்தது. அவன் காட்டேரி ஆனான்.

அதன் பிறகு வரிசையாகச் சாவு. ஜோசட் மலை முகட்டில் இருந்து குதித்தாள். தங்கை செத்தாள். அம்மா விஷம் குடித்தாள். பெற்ற அப்பாவே மகனைப் பெட்டிக்குள் வைத்துச் சங்கிலி போடச் செய்தார்.

இதைப் பார்த்து விட்டு யார்தான் அழ மாட்டார்கள்? "பர்னபாஸ் பாவம்!" என்று சொல்பவர்களின் பெரிய சாட்சி இந்த 1795-ம் ஆண்டுக் கதைதான்.

அவன் பாவம்தான். யாரும் மறுக்கவில்லை. ஆனால் அவனுக்குக் கொடுமை செய்தவள் ஏஞ்சலிக். அவன் கொடுமை செய்தது யாருக்கு?

மேகி செய்த குற்றம் என்ன?

மேகி எவன்ஸ் ஒரு காபிக் கடையில் பரிமாறும் பெண். அப்பா படம் வரைகிறவர். அம்மா இல்லாத வீடு. கலகல என்று பேசுவாள். யாருக்கும் கெடுதல் நினைக்காதவள்.

அவள் முகத்தில் ஜோசட்டின் சாயல் இருந்தது. அது போதும். பர்னபாஸ் அவளைக் கடத்திக் கொண்டு போனான். ஜோசட்டின் கல்யாண உடையைப் போட வைத்தான். ஜோசட்டின் சங்கீதப் பெட்டியைக் கையில் கொடுத்துக் கேட்க வைத்தான். "நீ மேகி அல்ல, ஜோசட்" என்று சொல்லிச் சொல்லி, அவள் புத்தியைக் கலக்கினான். அவள் மறுத்ததும் பாதாள அறையில் பூட்டினான்.

"அது காட்டேரியின் குணம். பர்னபாசின் குணம் அல்ல" என்று அவன் கட்சிக்காரர்கள் வாதாடுகிறார்கள்.

இந்த வாதம் நிற்காது. காட்டேரிக்கு ரத்தப் பசி. சரி, ரத்தத்தைக் குடித்து விட்டுப் போக வேண்டியதுதானே? கல்யாண உடை எதற்கு? பெயரை மாற்றச் சொன்னது எதற்கு? அதுவும் பசியா? "எனக்கு வேண்டியவளாக நீ மாறு" என்று ஒரு பெண்ணைப் பூட்டி வைப்பதற்குக் காட்டேரியாக இருக்க வேண்டியது இல்லை. சாதாரண மனிதர்களே செய்கிறார்கள்!

மேகியைக் காப்பாற்றியது யார் தெரியுமா? பர்னபாசின் தங்கை சாரா! செத்துப் போன அந்தச் சின்னப் பெண் ஆவியாக வந்தாள். விடுகதை மாதிரி ஒரு பாட்டுச் சொல்லித் தப்பும் வழியைக் காட்டினாள். அண்ணன் செய்த அநியாயம் தங்கைக்கே பொறுக்கவில்லை.

தப்பி வந்த மேகிக்குப் புத்தி பேதலித்துப் போயிருந்தது. மருத்துவ விடுதியில் சேர்த்தார்கள். அங்கே இருந்த டாக்டர் ஜூலியா ஹாப்மன், நோயாளியின் பேச்சை வைத்தே காட்டேரியின் ரகசியத்தைக் கண்டுபிடித்தாள். நேராக மாளிகைக்கு வந்தாள். "உன்னை மனிதன் ஆக்குகிறேன்" என்று பர்னபாசிடம் சொன்னாள்.

இதற்குள் மேகிக்குத் தெளிந்து விட்டது. தன்னைக் கடத்தியவன் பெயரைச் சொல்லப் போகிறாள். அந்த நேரத்தில் ஜூலியா அவளை மனோவசியம் செய்தாள். எல்லாவற்றையும் மறக்கச் செய்து விட்டாள்!

"சொன்னால் பர்னபாஸ் அவளைக் கொன்று இருப்பான். உயிரைக் காப்பாற்றத்தான் ஜூலியா அப்படிச் செய்தாள்" என்று ரசிகர்கள் சொல்வது உண்மை. ஆனால் அந்த மறதியால் லாபம் அடைந்தது யார்? பர்னபாஸ்!

பின்னால் மேகி அதே மாளிகைக்கு வேலைக்கு வருகிறாள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். பர்னபாசைப் பார்த்தால் மரியாதையாகப் பேசுகிறாள், சிரிக்கிறாள். அவனும் பெரிய மனிதனாகப் பதில் சொல்கிறான். ரத்தம் குடிக்கும் காட்சியை விட இந்தக் காட்சிதான் பயங்கரம்!

மன்னிப்பு என்றால், அடிபட்டவர் கொடுப்பது. மேகி மன்னித்து இருந்தால், ரசிகர்கள் வாயை மூடிக் கொள்ளலாம். மன்னிக்க மறுத்து இருந்தாலும் நியாயம்தான். இரண்டுக்கும் அவளுக்கு வழி விடவில்லை. அவளுக்குப் பதிலாக, கடுதாசி எழுதியவர்கள் மன்னித்து விட்டார்கள்.

பெயர்தான் வில்லி

சவப்பெட்டியைத் திறந்தானே, அந்தத் திருடனின் கதை இன்னும் மோசம். அவன் பெயர் வில்லி லூமிஸ். (பெயர்தான் வில்லி. வில்லன் வேலை செய்தவன் வேறு ஆள்.)

அவனைப் பர்னபாஸ் அடிமை ஆக்கிக் கொண்டான். எதிர்த்துப் பேசினால் கைத்தடியால் அடித்தான். முரடனாக வந்தவன் பயந்து, அழுது, மெல்ல மெல்ல இரக்கம் உள்ளவனாக மாறினான். மேகிக்காகக் கெஞ்சினான். அவளைத் தப்ப வைக்க முயன்றான்.

கடைசியில் என்ன ஆயிற்று? மேகியைக் கடத்தியவன் வில்லிதான் என்று போலீசார் நினைத்தார்கள். அவனைச் சுட்டார்கள். மேகியின் மோதிரம் அவன் அறையில் கிடைத்தது. உயிர் பிழைத்தவனைப் பைத்தியக்காரன் என்று விடுதியில் அடைத்தார்கள். எஜமான் வெளியே நடமாடினான்!

டாக்டர் உட்வர்ட் என்று ஒருவர். மேகிக்கு முதலில் வைத்தியம் பார்த்தவர். அவர் உண்மையைத் தெரிந்து கொண்டார். பர்னபாஸ் அவருக்கு விஷ ஊசி போட்டுக் கொன்றான். ஊசியைத் தயார் செய்து கொடுத்தது ஜூலியா. ஊர் அதை மாரடைப்பு என்று நம்பியது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். உட்வர்டைக் கொன்றது பசியால் அல்ல. குட்டு வெளிப்பட்டு விடும் என்ற பயத்தால். யாருடைய சாபமும் அந்த ஊசியைப் போடச் சொல்லவில்லை.

நல்லவன் ஆன பிறகு

எதிர்க் கட்சியின் வாதத்தையும் கேட்க வேண்டும். அது லேசானது அல்ல.

1968-ம் ஆண்டில் பர்னபாஸ் வைத்தியத்தால் மனிதன் ஆனான். வெயிலில் நடந்தான். அதோடு நிம்மதியாக இருந்து இருக்கலாம். ஆனால் வீட்டுச் சிறுவன் டேவிட்டை ஒரு பேய் பிடித்தது. பையன் சாகக் கிடந்தான். அவனைக் காப்பாற்றுவதற்காக, பர்னபாஸ் மந்திர வித்தையால் 1897-ம் ஆண்டுக்குப் போனான். அங்கே கண் விழித்தால், மறுபடியும் சவப்பெட்டி! மறுபடியும் சங்கிலி! மறுபடியும் ரத்தப் பசி!

"ஒரு பையனுக்காக அந்த நரகத்தில் திரும்பவும் விழுந்தானே, இது பிராயச்சித்தம் இல்லையா?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். 1897-ம் ஆண்டுக் கதையைப் பார்ப்பவர்களுக்குப் பர்னபாஸ் மீது அன்பு வராமல் போகாது.

ஆனாலும் டேவிட்டுக்குச் செய்த நன்மை, மேகியின் கணக்கில் எப்படி வரவு ஆகும்?

இந்த விஷயத்தில் குவென்டின் கதையைப் பலர் மெச்சுகிறார்கள். அந்தப் பேய் உயிரோடு இருந்தபோது பெயர் குவென்டின். குடிகாரன், பெண்பித்தன். மனைவி ஜென்னியைக் கொன்றான். ஜென்னியின் அக்காள் தங்கை உறவுக்காரி அல்ல, சொந்தச் சகோதரியே சாபம் கொடுத்தாள். குவென்டின் பௌர்ணமி இரவில் ஓநாய் மனிதன் ஆனான். பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது, ஜென்னிக்குக் குழந்தைகள் இருக்கின்றன என்று. சாபம் அந்தக் குழந்தைகளையும் தொடரும்! சபித்தவளே தலையில் அடித்துக் கொண்டாள்.

இதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. குற்றம் இவனுடையது. தண்டனையும் இவனுக்கு. சாபத்தின் பலன் சபித்தவளையும் சுட்டது. யாருக்கும் எதுவும் மறந்து போகவில்லை. பிறகு ஓர் ஓவியத்தால் அவனுடைய ஓநாய் உருவம் மறைந்தது, வயதும் ஏறவில்லை. அது கொஞ்சம் அதிகச் சலுகை. நடித்த டேவிட் செல்பி அழகர். பெண்கள் எழுதிய கடிதமும் அதிகம்!

அம்மா யார்?

இந்த ஆரவாரத்தில் ஒருத்தியை எல்லோரும் மறந்தார்கள். ரெயிலில் வந்தாளே, விக்டோரியா!

அவளுடைய பெற்றோர் யார் என்பதுதான் முதல் நாள் கேள்வி. பர்னபாஸ் வந்ததும் அந்தக் கேள்வி மூலைக்குப் போனது. அந்த வேடத்தில் நடித்த அலெக்சாண்டிரா மோல்ட்கி 1968-ம் ஆண்டில் விலகினார். விக்டோரியா தன் காதலனைத் தேடிப் பழைய காலத்துக்குள் போய் மறைந்தாள். மொத்தம் 1,225 பகுதிகள் வந்தன. ஒன்றில்கூட அவள் அம்மா யார் என்று சொல்லவில்லை!

மாளிகையின் எஜமானி எலிசபெத்தான் தாய் என்று பல ரசிகர்கள் நம்புகிறார்கள். நம்பி என்ன? அந்தப் பெண் ஒரு தடவைகூட "அம்மா" என்று கூப்பிடவில்லையே!

ஏஞ்சலிக்கா? ஜூலியாவா?

பெண்கள் அதிகம் சண்டை போடுவது இந்த விஷயத்தில்தான்.

டாக்டர் ஜூலியா பர்னபாசைக் காதலித்தாள். வாய் திறந்து கேட்கவில்லை. அவனுக்காகப் பொய் சொன்னாள். குற்றத்துக்குத் துணை போனாள். காலம் விட்டுக் காலம் அவன் பின்னாலேயே போனாள். அவனோ அவளைச் சிநேகிதி என்றே நினைத்தான்.

1971-ம் ஆண்டின் தொடக்கத்தில், நாடகம் முடியும் தறுவாயில், பர்னபாஸ் மனம் திறந்தான். யாரிடம்? ஏஞ்சலிக்கிடம்! குடும்பத்தையே அழித்தவளிடம், "உன்னைத்தான் காதலிக்கிறேன்" என்று சொல்ல வந்தான். அதற்குள் ஒருவன் அவளைச் சுட்டு விட்டான்.

"இத்தனை வருஷம் காத்து இருந்தவளுக்கு இதுதானா?" என்று ஜூலியாவின் ரசிகர்கள் கொதித்தார்கள். "ஏஞ்சலிக்கின் வெறி, முதலில் அவன் செய்த துரோகத்தால் வந்தது. அவளைத் திருத்தியதும் காதல்தான்" என்கிறார்கள் மற்றவர்கள். இதில் ஏஞ்சலிக் கட்சிக்குக் கொஞ்சம் நியாயம் உண்டு. பர்னபாஸ் அந்த வேலைக்காரியை ஏமாற்றியதில்தான் கதையே ஆரம்பம். அதை அவன் கடைசியிலாவது உணர்ந்தான். அவன் உண்மையாகத் திருந்தியது அந்த ஒரு நிமிஷத்தில்தான் என்றுகூடச் சொல்லலாம்.

1971-ம் ஆண்டு ஏப்ரல் 2-ந் தேதி நாடகம் முடிந்தது. கடைசிப் பகுதியில் பர்னபாஸ் இல்லை! வேறு ஒரு கதையை ஓட்டி முடித்து விட்டார்கள். ரசிகர்களின் மனம் ஆறவில்லை. சாம் ஹால் என்ற எழுத்தாளர், நாடகம் தொடர்ந்து இருந்தால் என்ன நடந்து இருக்கும் என்று அந்த ஆண்டே ஒரு பத்திரிகையில் எழுதினார். அதில் பர்னபாசுக்கும் ஜூலியாவுக்கும் கல்யாணம் செய்து வைத்தார். ஜூலியாவாக நடித்த கிரேசன் ஹால் அவருடைய மனைவி. மனைவியின் பக்கம் பேசாமல் இருக்க முடியுமா?

சினிமாவில் வேறு முடிவு

1970-ம் ஆண்டில் கர்ட்டிஸ் இதே கதையைச் சினிமாவாக எடுத்தார். அதில் பர்னபாசுக்குச் சலுகை இல்லை. அவன் ஜூலியாவையே கழுத்தை நெரித்துக் கொல்கிறான். கடைசியில் அடிமை வில்லியே அவன் முதுகில் அம்பைக் குத்துகிறான்! டெலிவிஷனில் வில்லி பட்ட அடிக்கெல்லாம் அங்கே பதில் கிடைத்தது.

2012-ம் ஆண்டில் டிம் பர்ட்டன் டைரக்ட் செய்ய, ஜானி டெப் பர்னபாசாக நடித்தார். இருவருமே சின்ன வயதில் அந்த நாடகத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஆனால் படத்தில் பயத்தை விடச் சிரிப்பு அதிகம். மேகியையும் விக்டோரியாவையும் ஒரே பெண் ஆக்கி விட்டார்கள். மேகியின் வழக்கு அங்கே விசாரணைக்கே வரவில்லை. ஜோனதன் பிரிட் அதில் ஒரு சில வினாடி தலை காட்டினார். படம் வெளிவருவதற்குச் சில வாரம் முன்பு காலமானார்.

இதற்கு நடுவில், 1991-ம் ஆண்டில், கர்ட்டிஸ் மறுபடியும் இதை டெலிவிஷன் நாடகமாக எடுத்தார். பென் கிராஸ் பர்னபாசாக நடித்தார். இதில் விக்டோரியா பழைய காலத்துக்குப் போகிறாள். பர்னபாஸ் எப்படிக் காட்டேரி ஆனான் என்பதைக் கண்ணால் பார்க்கிறாள். திரும்பி வருகிறாள். எதிரே பர்னபாஸ் நிற்கிறான். அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. மனோவசியம் இல்லை. மறதி இல்லை. அவன் யார் என்று தெரிந்த பெண், அவன் முகத்தைப் பார்க்கிறாள்.

அது 12-வது பகுதி. போதிய பேர் பார்க்கவில்லை என்று, அதோடு நாடகத்தை நிறுத்தி விட்டார்கள்.